ஆட்டிசச் சிகிச்சைகள்: சான்றுகளை மதிப்பிடும் முறை

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டுமே ஏற்றுக்கொண்டிருந்தது. அவற்றுள் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 1999-இல் நிறைவேற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் வகைகளை 21 ஆக உயர்த்தி, ஆட்டிசத்தையும் அவற்றுள் சேர்த்தது. இதற்கிடையே 2013-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தை நலத் திட்டம், பிறப்பு முதல் 18 வயது வரையுள்ள குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைக் கண்டறியும் பொறுப்பை மேற்கொண்டது. அதன்கீழ் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் அமைக்கப்பட்டு வருகின்றன.

கண்டறியும் பணி பெருகப் பெருக, அதனை அடுத்து எழும் வினாவும் வலுப்பெறுகிறது. கண்டறியப்பட்ட குழந்தைக்குச் செய்யவேண்டியது என்ன? பேச்சுப் பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவற்றோடு, உணவுக் கட்டுப்பாடு, உயரழுத்த ஆக்சிஜன், ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுச் சிகிச்சை எனப் பல முறைகள் பெற்றோர் முன் வைக்கப்படுகின்றன. ஒவ்வொன்றும் தனக்குச் சான்று உண்டென்றே கூறுகிறது. சான்று என்ற ஒரே சொல் மிக வேறுபட்ட மதிப்புடைய பொருள்களைக் குறிக்கப் பயன்படுகின்றமையால், அதனை எடைபோடும் முறையை அலுவலரும் மாணவரும் அறிந்திருப்பது இன்றியமையாததாகும்.

ஆட்டிசத்தின் இயல்பு

1943-இல் லியோ கேனர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றிய தம் கட்டுரையில் இந்நிலையை முதன்முதலாக விரிவாக விளக்கினார். பிறருடன் உறவாடுவதிலும் கருத்தைப் பரிமாறிக்கொள்வதிலும் வேறுபாடு, ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்தல், மாற்றத்தை ஏற்க இயலாமை, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியன இதன் பொதுக் கூறுகளாகும். இக்கூறுகள் எல்லாரிடத்தும் ஒரே அளவில் அமைவதில்லை. சிலர் பேச்சின்றியே வளர்கின்றனர். சிலர் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுப் பணிபுரிகின்றனர்.

மதிப்பீட்டில் இரண்டு செய்திகளை நினைவிற்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, ஆட்டிசம் மூளை வளர்ச்சியின் வேறுபாடு ஆதலின், அதனை நீக்கும் மருந்து எதுவும் இல்லை. இரண்டாவது, ஆட்டிசமுள்ள குழந்தையும் வளர்கிற குழந்தையே. மூன்று வயதில் பேசாத குழந்தைகளுள் ஒரு பகுதியினர், எவ்விதத் தனிச் சிகிச்சையும் இன்றியே பிற்காலத்தில் பேசத் தொடங்குகின்றனர். இவ்வளர்ச்சி சீரானதன்று. பல மாதங்கள் தேக்கமாகவும், பின்னர் திடீரென்று விரைவாகவும் அமையக்கூடும். சிகிச்சைகளைப் பற்றிய தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது செய்தியை மறப்பதால் தோன்றுகின்றன.

செக்ரிட்டின் தரும் பாடம்

செக்ரிட்டின் என்பது சிறுகுடலில் சுரந்து கணையத்தைத் தூண்டும் ஒரு ஹார்மோன் ஆகும். கணையத்தின் செயலைச் சோதிக்க அது ஊசிவழி செலுத்தப்படுவதுண்டு. அமெரிக்காவில் ஆட்டிசமுள்ள சில குழந்தைகளுக்கு வயிற்றுக் கோளாறு காரணமாக இச்சோதனை செய்யப்பட்டது. அதன்பின் அவர்கள் கண்ணோடு கண் பார்க்கவும் பேசவும் முற்பட்டனர் என்று பெற்றோர் கூறினர். 1998-இல் மூன்று குழந்தைகளைப் பற்றிய அறிக்கை மருத்துவ இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதே ஆண்டில் தொலைக்காட்சியும் இச்செய்தியைப் பரப்பியது. ஆயிரக்கணக்கான பெற்றோர் இம்மருந்தைத் தேடினர். ஆட்டிசத்திற்கெனச் சோதிக்கப்படாத ஒரு மருந்துக்குச் சில மாதங்களிலேயே பெருந்தேவை உண்டாயிற்று.

1999 டிசம்பரில் முதல் முறையான ஆய்வின் முடிவு வெளியாயிற்று. 60 குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்குச் செக்ரிட்டினும் மற்றதற்கு வெறும் உப்புநீரும் ஒரு முறை செலுத்தப்பட்டன. எக்குழந்தைக்கு எது செலுத்தப்பட்டது என்பது பெற்றோருக்கும் தெரியாது, மதிப்பிட்டவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரங்களுக்குப் பின் செக்ரிட்டின் பெற்றோரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. உப்புநீர் பெற்றோரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது. மருந்துக்கு ஆதரவான வேறுபாடு எதுவும் புலப்படவில்லை.

இந்த ஆய்வின் மற்றொரு முடிவும் கருதத்தக்கது. மருந்தால் பயனில்லை என்ற செய்தி பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்ட பின்னரும், அவர்களுள் 69 விழுக்காட்டினர் செக்ரிட்டினில் தமக்கு ஆர்வம் உண்டு என்றே கூறினர். அவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குதல் முறையன்று. தம் குழந்தையிடம் மாறுதலைத் தம் கண்ணாலேயே அவர்கள் கண்டனர். அக்காட்சி பொய்யன்று. அதற்குக் காரணம் மருந்துதான் என்ற முடிவே பிழையானது. பின்னர் உலகின் பல இடங்களில் நடைபெற்ற 16 ஆய்வுகளை, 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களுடன், காக்ரேன் அமைப்பு 2012-இல் தொகுத்து ஆராய்ந்தது. செக்ரிட்டின் ஆட்டிசத்திற்குப் பயன் தருவதாகச் சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

முன்னேற்றம் தோன்றுவது ஏன்?

பயனற்ற சிகிச்சைக்குப் பின்னும் முன்னேற்றம் தோன்றுவதற்கு நான்கு காரணங்கள் உண்டு.

முதலாவது, இயல்பான வளர்ச்சி. ஓராண்டுச் சிகிச்சை முடியும்போது குழந்தைக்கு ஒரு வயது கூடியிருக்கிறது. இரண்டாவது, சராசரியை நோக்கித் திரும்புதல். உறக்கமின்மை, அலறல், தன்னைத்தானே அடித்துக்கொள்ளுதல் முதலியன உச்சத்திலிருக்கும் வேளையிலேயே பெற்றோர் புதிய சிகிச்சையை நாடுகின்றனர். உச்சத்திலிருக்கும் எதுவும் பின்னர்த் தணிதலே பெரும்பான்மை. மூன்றாவது, உடன் நிகழும் பிற உதவிகள். ஊசி மருந்து பெறும் குழந்தை அதே காலத்தில் பள்ளிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் செல்கிறது. நான்காவது, எதிர்பார்ப்பு. பெருஞ்செலவு செய்த பெற்றோர் குழந்தையை முன்னினும் கூர்ந்து நோக்குகின்றனர். அதனுடன் மிகுதியாகப் பேசுகின்றனர். சிறு மாறுதலையும் நினைவில் கொள்ளுகின்றனர்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். 100 குழந்தைகளுள் 30 பேர் ஓராண்டில் வளர்ச்சியாலும் பள்ளிப் பயிற்சியாலும் கண்கூடாக முன்னேறுவர் எனக் கொள்வோம். இந்த 100 பேருக்கும் பயன் சிறிதும் இல்லாத ஒரு சிகிச்சையை ஒரு நிலையம் அளிக்கிறது. ஆண்டிறுதியில் 30 பெற்றோர் மனமார்ந்த நன்றிக் கடிதம் எழுதுவர். அக்கடிதங்கள் அனைத்தும் உண்மையானவை. மற்ற 70 பேர் வேறிடம் சென்றிருப்பர். அவர்களிடம் எவரும் கேட்பதில்லை. அதே 100 பேரையும் ஐம்பது ஐம்பதாகப் பிரித்து ஒரு பாதிக்கு மட்டும் சிகிச்சை அளித்திருந்தால், இரு பக்கமும் ஏறத்தாழ 15 பேர் முன்னேறியிருப்பர். சிகிச்சையின் பயன் சுழி என்பது அப்போதே விளங்கும். முதற்கணக்கில் 30 என்ற எண்ணில் பிழையில்லை. அதனோடு ஒப்பிடுவதற்குரிய எண்ணே அங்கு இல்லை.

ஆகவே, ஒரு சிகிச்சைக்குப் பின் எத்தனை பேர் முன்னேறினர் என்பது முதன்மையான வினா ஆகாது. அச்சிகிச்சை பெறாத ஒத்த குழந்தைகளை விட எத்தனை பேர் கூடுதலாக முன்னேறினர் என்பதே வினா.

ஒப்பீட்டின் இலக்கணம்

நல்ல ஒப்பீட்டுக்குச் சில நிபந்தனைகள் உள்ளன. அவற்றை மீறியதால் விளைந்த குழப்பங்களுக்கும் ஆட்டிச ஆய்வு வரலாற்றில் எடுத்துக்காட்டுகள் உண்டு.

முதல் நிபந்தனை, குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படுதல். 1987-இல் கலிபோர்னியாவில் ஐவார் லோவாஸ் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் பெருந்தாக்கத்தை ஏற்படுத்தியது. நான்கு வயதுக்குட்பட்ட 19 குழந்தைகளுக்கு வாரத்திற்கு 40 மணி நேரம் வீதம் இரண்டு ஆண்டுகளும் அதற்கு மேலும் தனிப்பட்ட நடத்தைப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களுள் 9 பேர் வழக்கமான பள்ளி வகுப்பில் தேறி, இயல்பான அறிவுத்திறன் அளவை எட்டினர் என்றும், ஒப்பீட்டுக் குழந்தைகள் 40 பேருள் ஒருவரே அந்நிலையை எட்டினார் என்றும் அவ்வாய்வு கூறியது. ஆனால் குழந்தைகள் குலுக்கலால் பிரிக்கப்படவில்லை. பயிற்சியாளர் கிடைத்ததைப் பொறுத்தே சேர்க்கப்பட்டனர். தொடக்கத்திலேயே குழுக்களுக்கிடையே வேறுபாடு இருந்திருக்கக்கூடும் என்ற ஐயம் இதனால் நீங்கவில்லை. அப்பயிற்சியில் தொடையில் அடித்தல் போன்ற தண்டனைகளும் இடம்பெற்றிருந்தன. அவை இன்று ஏற்கத்தக்கவை அல்ல. இவ்வகைச் செறிவான பயிற்சியைப் பற்றிய காக்ரேன் தொகுப்பாய்வு 2018-இல் வெளிவந்தபோது, தகுதியுடையனவாக 5 ஆய்வுகளும் 219 குழந்தைகளுமே அதில் இடம்பெற்றனர். அவற்றுள் குலுக்கல் முறையைப் பின்பற்றியது ஒன்றே. ஓரளவு பயன் இருக்கலாம். சான்று வலுவற்றது என்பதே அதன் தீர்ப்பு. முப்பது ஆண்டுகளாகப் பரவலாக நடைபெற்ற ஒரு முறையின் சான்றுநிலை இவ்வாறிருந்தது.

இரண்டாவது நிபந்தனை, மதிப்பிடுவோர் அறியாநிலையில் மதிப்பிடுதல். 1990-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில், பேசாதவரின் கையை உதவியாளர் ஒருவர் தாங்கிப் பிடிக்க, அவர் எழுத்துப் பலகையில் கருத்தைத் தட்டச்சு செய்யும் முறை ஒன்று பரவியது. பேசாதிருந்தவர்கள் முழு வாக்கியங்களை எழுதுவதாகத் தோன்றியது. 1993-இல் நியூயார்க் மாநிலத்தில் 12 பேரிடம் ஓர் எளிய சோதனை நடத்தப்பட்டது. உதவியாளருக்கு ஒரு படமும் உதவி பெறுவோருக்கு வேறொரு படமும் காட்டப்பட்டன. எழுதப்பட்ட சொல் உதவியாளர் கண்ட படத்தின் பெயராகவே இருந்தது. உதவியாளர்கள் ஏமாற்றவில்லை, தம் கையே எழுதுகிறது என்பதைத் தாமே அறியாதிருந்தனர். 1994-இல் அமெரிக்க உளவியல் சங்கம் இம்முறைக்கு அறிவியல் சான்று இல்லை என்று தீர்மானம் நிறைவேற்றியது. நல்லெண்ணம் அளவுகோலின் பிழையைத் திருத்துவதில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மூன்றாவது நிபந்தனை, போதிய எண்ணிக்கை. பூமெட்டனைடு என்னும் மருந்து 2012-இல் 60 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஆய்வில் நம்பிக்கையூட்டியது. பின்னர்ப் பெரிய அளவில் நடைபெற்ற இரண்டு ஆய்வுகள், பயன் காணப்படாமையால் 2021-இல் நிறுத்தப்பட்டன. ஆக்சிடோசின் என்னும் ஹார்மோனும் சிறு ஆய்வுகளில் புகழ்பெற்றது. 290 பேருக்கு 24 வாரம் மூக்குவழி அளிக்கப்பட்ட ஆய்வு 2021-இல் வெளிவந்தபோது, போலி மருந்தை விட அது மேம்பட்டதாக இல்லை. சிறு ஆய்வுகளில் தற்செயல் பெரும்பங்கு வகிக்கிறது. மேலும், நல்ல முடிவு தந்த சிறு ஆய்வு எளிதில் அச்சேறுகிறது; தராதது பெரும்பாலும் பெட்டியிலேயே தங்கிவிடுகிறது.

குருத்தணுச் சிகிச்சை

நம் நாட்டில் இன்று மிகுந்த கவனத்திற்குரியது குருத்தணுச் சிகிச்சையாகும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 25 குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தம் செலுத்திய ஆய்வு 2017-இல் வெளிவந்தது. அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை. குழந்தைகளின் சமூக நடத்தை மேம்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆய்வாளர்கள், தம் முடிவைத் தாமே ஐயத்திற்கு உட்படுத்தி, 2 முதல் 7 வயது வரையுள்ள 180 குழந்தைகளிடம் போலி மருந்துடன் ஒப்பிட்டு மீண்டும் ஆய்ந்தனர். 2020-இல் வெளியான அதன் முடிவின்படி, முதன்மை அளவுகோலில் இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு இல்லை. செக்ரிட்டினின் வரலாறு மற்றொரு பெயரில் திரும்பியது எனலாம். அந்த ஆய்வாளர்கள் இரண்டாம் ஆய்வை நடத்தி அதனை மறைக்காது வெளியிட்டமை பாராட்டுக்குரியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் இணைந்து 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள், இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்றுச் சிகிச்சை நீங்கலாக, முறையான ஆய்வுக்கு வெளியே குருத்தணுக்களை நோயாளிகளிடம் பயன்படுத்துவது நெறிக்கு மாறானது எனக் கூறுகின்றன. 2022 டிசம்பரில் தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறைப் பிரிவு, ஆட்டிசத்திற்குக் குருத்தணுச் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதன்று என்றும், அதனைப் பரப்புவது தொழில் ஒழுங்கீனமாகக் கருதப்படும் என்றும் தெரிவித்தது.

தாம் செலுத்துவது வேறு வகைக் குருத்தணு ஆதலின் மேற்கூறிய ஆய்வு தமக்குப் பொருந்தாது என்று ஒரு நிலையம் வாதிடலாம். அவ்வாறாயின், தன் வகைக்குரிய ஒப்பீட்டு ஆய்வைக் காட்டும் கடமை அந்நிலையத்தையே சாரும். பயனில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பெற்றோர்மீதோ அரசின்மீதோ சுமத்துதல் பொருந்தாது. ஆய்வு நடைபெறுகிறது என்று கூறிக்கொண்டே பங்கேற்போரிடம் கட்டணம் பெறப்படுமாயின், அதுவே எச்சரிக்கைக்குரிய அறிகுறியாகும்.

பயனின்மை மட்டுமே இழப்பு என்று எண்ணலாகாது. உடலிலிருந்து உலோகங்களை நீக்குவதாகச் சொல்லப்பட்ட மருந்து செலுத்தப்பட்டபோது, 2005-இல் அமெரிக்காவில் ஆட்டிசமுள்ள ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.

சான்றுள்ளவை எவை?

கடுமையான அளவுகோலைக் கைக்கொண்டால் எதுவுமே எஞ்சாதோ என்ற அச்சம் எழலாம். எஞ்சுபவை உண்டு. அவற்றின் எல்லையையும் உடன் அறிதல் வேண்டும்.

ரிஸ்பெரிடோன் என்னும் மருந்து 101 குழந்தைகளிடம் எட்டு வாரம் ஆராயப்பட்டு, முடிவு 2002-இல் வெளிவந்தது. கடுஞ்சினம், தன்னைத் தாக்கிக்கொள்ளுதல் ஆகியவை கணிசமாகக் குறைந்தவர் மருந்துக் குழுவில் 69 விழுக்காடு. போலி மருந்துக் குழுவில் 12 விழுக்காடு. இது ஐயத்திற்கிடமற்ற வேறுபாடு. எனினும் அது ஆட்டிசத்தின் அடிப்படைக் கூறுகளுக்கான மருந்தன்று. உடல் எடையும் மருந்துக் குழுவில் சராசரியாக 2.7 கிலோகிராம் கூடியது, மற்றதில் 0.8 கிலோகிராம் மட்டுமே கூடியது. எதற்குப் பயன், எவ்வளவு பயன், என்ன விலை என்ற மூன்றையும் ஒருங்கே சொல்லும் சான்றே முழுமையான சான்று.

பயிற்சி முறைகளில், பெற்றோர் வழியாக அளிக்கப்படும் ஒரு முறை இங்கிலாந்தில் ஆராயப்பட்டது. பெற்றோர் குழந்தையுடன் விளையாடுவது படம் பிடிக்கப்படுகிறது. பயிற்சியாளருடன் அமர்ந்து அப்படத்தைப் பார்க்கும் பெற்றோர், குழந்தையின் சிறு சைகைகளை உணர்ந்து அவற்றுக்கேற்ப மறுமொழி அளிக்கக் கற்கின்றனர். 152 குழந்தைகளைக் கொண்ட இவ்வாய்வின் முதல் முடிவு 2010-இல் வெளிவந்தது. பெற்றோரின் மறுமொழியும் குழந்தை தானாகத் தொடங்கும் உரையாடலும் மேம்பட்டன. ஆட்டிசக் கூறுகளின் அளவில் தெளிவான வேறுபாடு அப்போது கிட்டவில்லை. ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குப் பின் 121 பேரை மீண்டும் ஆராய்ந்தபோது, அக்கூறுகளின் கடுமை பயிற்சி பெற்ற குழுவில் குறைந்திருந்தமை 2016-இல் அறிவிக்கப்பட்டது.

இதே முறை நம் சூழலுக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டு, கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளிடம் ஆராயப்பட்டது. நிபுணர் அல்லாத பணியாளர்கள் ஆறு மாதங்களில் 12 அமர்வுகளில் பயிற்சி அளித்தனர். 2016-இல் வெளியான முடிவின்படி, பெற்றோரின் இசைந்த மறுமொழியும் குழந்தை தானாகத் தொடங்கும் தொடர்பும் கூடின. இருவரும் ஒன்றில் ஒருங்கே கவனம் செலுத்தும் நேரமோ குறைந்திருந்தது. நன்மை தீமை இரண்டையும் மறைக்காது கூறிய ஆய்வு இது. 65 என்பது சிறிய எண்ணிக்கை என்பதும் முன்னர்க் கூறிய அளவுகோலின்படி நினைவிற்கொள்ளத்தக்கது. எனினும், தெற்காசியச் சூழலில் குலுக்கல் முறை ஆய்வு இயலும் என்பதையும், எளிய பணியாளரைக் கொண்டு சேவையளிக்க இயலும் என்பதையும் அது காட்டியது.

2020-இல் வெளிவந்த ஒரு விரிவான தொகுப்பாய்வு, இளங்குழந்தைகளுக்கான பயிற்சிகள் குறித்த 150 அறிக்கைகளை ஆராய்ந்தது. அவற்றில் 6,240 குழந்தைகள் பங்கேற்றிருந்தனர். குலுக்கல் முறை ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டபோது, குழந்தையின் இயல்பான விளையாட்டையும் உறவாடலையும் அடிப்படையாகக் கொண்ட முறைகளுக்கே பயன் தெரிந்தது. மதிப்பிடுவோரின் சார்பு கலக்க இயலாத அளவுகளை மட்டும் கொண்டபோது, எந்த முறைக்கும் உறுதியான பயன் நிறுவப்படவில்லை. இதனால் பயிற்சிகள் வீண் என்று முடிவு செய்தல் தவறு. பயனில்லை என்று மெய்ப்பிக்கப்படுவது வேறு. பயன் உண்டென்று இன்னும் மெய்ப்பிக்கப்படாதது வேறு. செக்ரிட்டின் முதல் வகையைச் சார்ந்தது. பல பயிற்சி முறைகள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை.

உரிமையும் சிகிச்சையும்

சான்று கோரும் இவ்வளவுகோலை உரிமைகளுக்குப் பொருத்துதல் கூடாது. பள்ளியில் இடம், அடையாளச் சான்றிதழ், பேசாத குழந்தைக்குப் படஅட்டைகள், இரைச்சல் தாங்காத மாணவனுக்கு அமைதியான தேர்வறை ஆகியவை குடிமக்களுக்கு உரியவை. இவற்றை வழங்குமுன் எவரும் ஆய்வறிக்கை கேட்கவேண்டியதில்லை. குழந்தையை மாற்றுவதாக உறுதியளித்து அதற்கு விலை கூறுவோரிடமே சான்று கேட்கவேண்டும். மாற்றம் எனப்படுவது எது என்பதையும் ஆட்டிசமுள்ளோரிடமே கேட்டறிதல் தகும். கைகளை அசைப்பதை நிறுத்துவது பெற்றோருக்கு முன்னேற்றமாகத் தோன்றலாம். வலியைச் சொல்லத் தெரிவதும், தானே உடுத்தத் தெரிவதும், உறங்குவதும் அக்குழந்தைக்கு அதனினும் பெரிய நன்மைகளாகும்.

வாய்ப்புச் செலவு

பொருளியல் மாணவர் இங்குத் தமக்குப் பழக்கமான ஒரு கருத்தைக் காண்பர். ஒரு சிகிச்சைக்குச் செலவிடும் பணத்தின் உண்மை விலை, அப்பணத்தால் பெற்றிருக்கக்கூடிய மற்றொரு நன்மையே. நிலத்தை விற்று ஊசி மருந்துக்குச் செலவிடும் குடும்பம், பின்னர்ப் பேச்சுப் பயிற்சிக்கும் பள்ளிப் போக்குவரத்துக்கும் பணமின்றி நிற்கிறது. பணத்தினும் அரியது காலம். மூன்று வயதிற்கும் ஆறு வயதிற்கும் இடைப்பட்ட ஆண்டுகள் மீண்டும் வருவதில்லை.

அரசின் கணக்கிலும் இதே நியதி பொருந்தும். வாரத்திற்கு 40 மணி நேரம் வீதம் 50 வாரங்களுக்குத் தனிப்பயிற்சி என்றால், ஒரு குழந்தைக்கு ஆண்டிற்கு 2,000 மணி நேரம் ஆகும். ஒரு பணியாளரின் ஓராண்டு உழைப்பு முழுவதும் ஒரே குழந்தைக்குச் செலவாகிவிடும். பெற்றோர்வழிப் பயிற்சியோ ஆறு மாதங்களில் 12 அமர்வுகளைக் கொண்டது. இரண்டில் எது சிறந்தது என்பதை நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வால்தான் உறுதியாகக் கூற இயலும். எனினும், செறிவான முறையின் சான்று வலுவற்றதாயிருக்க, அதனை மட்டுமே இலக்காகக் கொண்டு திட்டம் தீட்டினால், சில குழந்தைகளுக்கு எல்லாமும் பலருக்கு ஒன்றுமின்மையும் என்ற நிலையே விளையும்.

கேட்கவேண்டிய வினாக்கள்

ஒரு புதிய சிகிச்சைக்கு நிதியோ அனுமதியோ பரிந்துரையோ கோரப்படும்போது, கீழ்க்காணும் வினாக்களை வரிசையாக எழுப்புதல் பயன்தரும்.

1. காட்டப்படும் சான்றில் ஒப்பீட்டுக் குழு உண்டா? நன்றிக் கடிதங்களும் முன்னும் பின்னும் எடுத்த படங்களும் மட்டுமே உள்ளனவா?

2. குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டனவா?

3. மதிப்பிட்டவர் யார்? சிகிச்சை அளித்தவரா, பணம் செலுத்திய பெற்றோரா, விவரம் அறியாத மூன்றாமவரா?

4. எத்தனை குழந்தைகள் சேர்ந்தனர்? எத்தனை பேர் இடையில் விலகினர்? விலகியோர் கணக்கில் சேர்க்கப்பட்டனரா?

5. அளக்கப்பட்டது எது? அது அன்றாட வாழ்க்கைக்குப் பொருளுடையதா?

6. வேறு ஆய்வாளர் வேறிடத்தில் அதே முடிவைப் பெற்றனரா?

7. ஆய்வு தொடங்குமுன் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு செய்யப்பட்டதா? 2007-இல் தொடங்கிய இப்பதிவகத்தின் விவரங்களை எவரும் பார்வையிடலாம். பதிவு என்பது பயனுக்குச் சான்றன்று என்பதையும் உடன் நினைவிற்கொள்ளவேண்டும்.

8. தீங்குகள் எண்ணிப் பதியப்பட்டனவா? தீங்கே இல்லை என்ற கூற்று, பெரும்பாலும் தீங்கு தேடப்படவில்லை என்பதையே குறிக்கும்.

9. இதே பணத்தில் வேறு எதைச் செய்ய இயலும்?

ஒரே சிகிச்சை ஆட்டிசம், மூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு ஆகிய அனைத்தையும் தீர்க்கும் என்ற கூற்று எழுமாயின், எஞ்சிய வினாக்களுக்குச் செல்லுமுன்பே ஐயம் கொள்ளலாம்.

மாவட்ட மையத்தின் பங்கு

இவ்வினாக்களைப் பெற்றோரே எழுப்பி விடை காணவேண்டும் என எதிர்பார்ப்பது நியாயமன்று. குழந்தைக்கு ஆட்டிசம் எனத் தெரிந்த வாரத்தில் அவர்கள் ஆய்வு முறைகளைக் கற்கும் மனநிலையில் இருப்பதில்லை. அரசு மையத்தில் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்லப்படும் பெற்றோர், மறுநாளே தொடங்கலாம் என்று கூறும் நிலையத்தை நாடுவது இயல்பு. சான்றற்ற சிகிச்சைகள் செழிப்பதற்கு அவற்றின் விளம்பரம் மட்டும் காரணமன்று. சான்றுள்ள சேவையின் பற்றாக்குறையும் காரணமாகும். ஆகவே, தடையாணைகளோடு சேவை விரிவும் இணைந்து செல்லவேண்டும்.

ஆரம்பநிலை மையங்கள் மூன்று பணிகளை உடனடியாக மேற்கொள்ள இயலும். கண்டறியப்பட்ட நாளிலேயே, எவற்றுக்குச் சான்று உண்டு, எவற்றுக்கு இல்லை, எவை தீங்கானவை என்பதை வட்டார மொழியில் எளிய தாளாகப் பெற்றோருக்கு வழங்கலாம். காத்திருக்கும் காலத்திலேயே பெற்றோருக்கான குழுப் பயிற்சியைத் தொடங்கலாம். மையத்திற்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் நிலையையும், சேர்ந்தபோதும் ஆறு மாதங்களுக்கு ஒரு முறையும், ஒரே அளவுகோலால் பதிந்துவைக்கலாம். மூன்றாவது பணி புறக்கணிக்கப்படுவதே வழக்கமாக உள்ளது. அப்பதிவுகள் தாமாகவே சிகிச்சையின் பயனை மெய்ப்பிக்கமாட்டா. ஆயினும், தனிச் சிகிச்சை எதுவுமின்றி நம் குழந்தைகள் எவ்வாறு வளர்கின்றனர் என்ற அடிப்படை எண்ணை அவை தரும். நன்றிக் கடிதங்களோடு ஒப்பிடுவதற்கு இன்று நம்மிடம் இல்லாதது அந்த எண்ணே.